மோதிரம் தொங்கிய ஆணி

காருக்குப் பக்கத்தில் போகுமுன் டெல்பர்ட் ஸ்ட்ரௌட் இரண்டு காரியம் செய்வார். இடுப்பு பெல்ட்டின் பக்கிளை விலாப்பக்கம் திருப்பிக்கொள்வார். பிறகு கல்யாண மோதிரத்தைக் கழற்றி, கராஜ் கதவோரத்து ஆணியில் மாட்டுவார். பெயின்டில் கீறல் விழக்கூடாது. மகள் ரோண்டாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இது மாறவே இல்லை. சனிக்கிழமை முழுக்க மோதிரம் ஆணியில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும்போது அம்மா அர்லீன்தான் போய் எடுத்து வருவாள்.

"இந்தா, பொண்டாட்டிய ஆணியில விட்டுட்டு வந்துட்ட."

"விடல. பத்திரமா மாட்டி வச்சிருந்தேன்."

கார் எழுபதாம் வருடத்து கமாரோ, அதிலும் வேகத்துக்கென்றே செய்த இஸட் இருபத்தெட்டு. லபீர் பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து அதைக் கொண்டுவந்தபோது, குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் தூவும் உப்பு அடித்தட்டை முழுக்கத் தின்றிருந்தது. உள்ளே உட்கார்ந்தால் காலடியில் தரை தெரியும். ஆனால் எஞ்சின் அந்தக் காரோடு பிறந்த எஞ்சின். அது அவர்கள் ஊரான ஃபிளின்டிலேயே, டெல்பர்ட் வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்தது. அங்கே அவருக்கு ஒரே வேலை. வார்ப்பிரும்பு எஞ்சின் பிளாக் வரும், அதன் மேல்முகத்தை மெஷினில் சமமாகச் சீவி அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். "இதை நானே சீவியிருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம்.

தொழிற்சாலையில் ஆட்குறைப்பு வந்த வருடங்களில் வீட்டை ஓட்டியது அர்லீன். ஸ்கூல் கிச்சனில் தலையில் வலை மாட்டிக்கொண்டு, சிமென்ட் தரையில் நின்று, பெரிய தட்டுத் தட்டாக மக்ரோனி வேகவைப்பாள். சாயங்காலம் வந்து முட்டி மேல் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்காருவாள். டெல்பர்ட் கராஜிலிருந்து வந்து, கை கழுவியபடி சொல்வார்:

"இதை வித்ததும் நீ அந்தத் தரையில நிக்க வேணாம் அர்லீன். விக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் உன்னை இதுல ஏத்திக்கிட்டு ஹூரான் ஏரிக்குப் போறேன். கண்ணாடிய இறக்கிவிட்டு, மெதுவா."

"மெதுவாவா? அப்போ இம்புட்டு பெரிய எஞ்சின் எதுக்கு?"

காரைப் புதுப்பிக்கும் வேலை முடிந்தது. ஆரஞ்சு நிறம், நடுவில் இரண்டு கறுப்புப் பட்டை. தெருவே வந்து பார்த்தது. அர்லீன் மட்டும் அதில் ஏறவில்லை. ஏப்ரலில் கேட்டால், ரோட்டில் உப்பு இன்னும் கழுவிப் போகவில்லை. ஜூனில் பழைய கார் கண்காட்சிகள். ஆகஸ்டில், ஏரிக்குப் போகிற ரோட்டில் சரளைக்கல். அக்டோபரில் மறுபடி உப்பு வந்துவிடும். கண்காட்சிக்குக்கூட அந்தக் கார் தன் சக்கரத்தில் போனதில்லை, டிரெய்லரில் ஏறித்தான் போகும். அர்லீன் பின்னால் அவளுடைய பழைய வேனில், மடக்கு நாற்காலியும் சாண்ட்விச்சும் எடுத்துக்கொண்டு போவாள்.

ரோண்டா அந்தக் குடும்பத்தில் முதலில் காலேஜ் போனவள். லான்சிங்கில் வேலை கிடைத்த வருடம், அம்மா படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்தாள். "இப்பவே வித்துருங்க அப்பா, இல்லேன்னா நான் பேசவே மாட்டேன்" என்றாள். விளம்பரத்தையும் அவளே எழுதினாள். பிறந்த எஞ்சின்தானே என்று ஒருமுறை கேட்டுக்கொண்டாள். "ஆமா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை.

கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து வான்டைக் என்பவர் வந்தார். மரியாதையான மனிதர். தன் பக்கிளை அவரே விலாவுக்குத் திருப்பிக்கொண்டார். கதவு மூடும் சத்தத்தைக் கேட்டார், அடியில் படுத்துப் பார்த்தார், தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டினார். ரோண்டா சமையலறை ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

கடைசியில் அவர் ஒரு சின்னக் கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து எஞ்சினின் முன்பக்கம் குனிந்தார். பிளாக்கின் மேல்முகத்து ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் உண்டு. தொழிற்சாலையில் காரின் நம்பரை அங்கேதான் அடிப்பார்கள். அந்த நம்பர்தான் எஞ்சின் அந்தக் காரோடு பிறந்தது என்பதற்குச் சாட்சி. வான்டைக் துணியால் துடைத்தார். இன்னொருமுறை துடைத்தார்.

"நம்பர் எங்க சார்?"

டெல்பர்ட் தெருவிலிருந்த மேப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சீவிட்டேன்" என்றார்.

"யாரு சீவினது?"

"நான்தான். டார்ட் ரோட்ல சிநேகிதன் கடை மெஷின்ல. முகம் கொஞ்சம் வளைஞ்சிருந்துது. எங்க லைன்ல நம்பர் எனக்கு அப்புறம்தான் அடிப்பாங்க. நம்பரோட ஒரு பிளாக் என் கைக்கு வந்ததே இல்ல. பிளாக்கப் பார்த்தா முகத்தைச் சுத்தம் பண்ணணும், அதுதான் எனக்குத் தெரியும். அப்போல்லாம் எவனும் நம்பர் பாக்கல."

"உங்களை நான் நம்புறேன் சார். எனக்கப்புறம் வாங்குறவன் நம்பணுமே."

அவர் சொன்ன விலை எஞ்சின் மாற்றின காருக்குக் கொடுக்கிற குறைந்த விலை. டெல்பர்ட் தலையசைத்து மறுத்து, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

அப்பாவின் முகத்தில் அதிர்ச்சியே இல்லை என்பதை ரோண்டா அப்போதுதான் கவனித்தாள்.

"நம்பர் இல்லேன்னா விலை போகாதுன்னு எப்போலேருந்து தெரியும் அப்பா?"

"முதல் கண்காட்சிலேயே. ஒரு ஜட்ஜு இதே மாதிரி குனிஞ்சான்."

"அதுக்கப்புறமுமா அம்மாகிட்ட விக்கிறேன் விக்கிறேன்னு..."

சமையலறைக் கதவில் அர்லீன் நின்றுகொண்டிருந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டு வெர்ன் பீர் டப்பாவோடு வந்தான். அதே லைனில் வேலை பார்த்தவன், விஷயம் கேள்விப்பட்டிருந்தான்.

"டேய் டெல், இதுக்கா மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டு உக்காந்திருக்க? எங்கிட்ட நம்பர் அடிக்கிற உளி செட்டு இருக்கு. அந்தக் காலத்து எழுத்தேதான். உன் காரு, உன் எஞ்சினு, உன் நம்பரு. இருந்ததைத்தானே திரும்ப வைக்கப் போற? இதுல என்ன பொய் இருக்கு?"

"அடிச்சா பொய்தான்."

"எதுடா பொய்?"

"எப்போ அடிச்சதுங்கறது."

"போப்பாண்டவரோட தம்பி பேசுறான், கேட்டுக்கோ" என்றான் வெர்ன் ரோண்டாவிடம்.

ரோண்டா சிரிக்கவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் மோசடி என்று அவளே சொல்லியிருப்பாள். இப்போதோ, அப்பா அந்த உளியை எடுக்கமாட்டாரா என்று இருந்தது. படித்ததெல்லாம் இதற்குத்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அம்மாவின் முட்டி வீங்கிக் கிடக்கும்போது அப்பாவின் நேர்மை யாருக்குப் பிரயோஜனம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

வெர்ன் போனபின் அர்லீன் பாத்திரம் துடைத்தபடி, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்த இரும்புகிட்ட ஒரு பொய் சொல்ல மாட்டான். எங்கிட்ட வருஷா வருஷம் சொன்னான்."

டெல்பர்ட் எழுந்து கராஜுக்குப் போனார். பழக்கதோஷத்தில் மோதிரத்தை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் போனார்.

அதன்பிறகு அவர் காரைப் பற்றி வீட்டில் பேசவில்லை, ஏரியைப் பற்றியும் பேசவில்லை. அர்லீன் ஸ்கூல் கிச்சனுக்குப் போய்க்கொண்டிருந்தாள். கால் முற்றிலும் மறுத்தபோதுதான் நின்றாள். கைத்தடி வந்தது, பிறகு தள்ளிக்கொண்டு நடக்கிற சட்டம் வந்தது. ஒரு பிப்ரவரியில் வாசல் பனியை அள்ளும்போது டெல்பர்ட் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழவில்லை. மோதிரம் அன்று விரலில்தான் இருந்தது.

வசந்தத்தில் ரோண்டா வான்டைக்கைக் கூப்பிட்டாள். அவர் பழைய விலையையே சொன்னார். அது நியாயமான விலைதான் என்பது அவளுக்கு இன்னும் கசந்தது. அன்றே அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்கு அது போதுமாக இருந்திருக்கும். இப்போது டாக்டர்கள் கத்தி வைக்கும் வயது தாண்டிவிட்டது என்கிறார்கள்.

வான்டைக் டிரெய்லரோடு வந்தார். காரை வாசலுக்கு உருட்டியபோது வெயிலில் ஆரஞ்சு பளீரென்றது. அர்லீன் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெல்ல வந்து, பக்கத்து சீட்டின் கதவருகே நின்றாள்.

"ஒரு நிமிஷம் உள்ள உக்காந்துக்கிறேனே."

"தாராளமா மேடம்." வான்டைக் ஓடிவந்து கதவைத் திறந்தார். பிறகு சங்கடத்தோடு, "அந்த மோதிரத்தை மட்டும்... தப்பா எடுத்துக்காதீங்க. பெயின்ட் பாருங்க."

அர்லீன் தன் கையைப் பார்த்தாள்.

"இது கழலாதுப்பா. விரல் வீங்கிப்போச்சு" என்றாள்.

"அம்மா, நீ உக்காரு. நான் சொல்றேன்ல" என்றாள் ரோண்டா.

"வேணாம். போற வண்டிய எதுக்கு நிறுத்திக்கிட்டு?"

சட்டத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். கார் டிரெய்லரில் ஏறியது, வார்களால் கட்டப்பட்டது, தெருமுனை திரும்பியது. ரோண்டா கராஜை மூடப் போனாள். கதவோரத்து ஆணி வெறுமையாக இருந்தது. மூடும் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்:

"ஏரி ரோட்டுல சரளைக்கல்லு இன்னும் இருக்கா ரோண்டா?"

அதற்குத் தார் போட்டுப் பல வருடமாகிவிட்டது. அப்பாவுக்கும் அது தெரியும்.