மறுக்கக் கற்றுக்கொடுத்தேன்

மதுரையில் பதினோரு ஆண்டுகள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தியவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் வந்து இறங்கியபோது, என் ஆங்கிலத்துக்காக ஊரே காத்திருக்கும் என்று நினைத்தேன். எட்டு மாதம் விண்ணப்பம் போட்ட பிறகுதான் தெரிந்தது, நியூசிலாந்து அனுபவம் இல்லாதவனுக்கு இங்கே கரும்பலகை துடைக்கும் வேலைகூடக் கிடையாது என்று. வேலை தராமல் அனுபவம் எப்படி வரும் என்று கேட்டால் எல்லோரும் இனிமையாகச் சிரித்தார்கள். ஆகவே எனக்குச் சேவை மனப்பான்மை வந்தது. புதிதாகக் குடியேறியவர்களுக்கு வீடு தேடிப்போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தொண்டர்களோடு சேர்ந்தேன். மூன்று மாதம் முடிந்தால் சான்றுக் கடிதம் உண்டு. சேவையைப் பற்றிப் பலரிடம் பேசியிருக்கிறேன். கடிதத்தைப் பற்றி இப்போதுதான் சொல்கிறேன்.

என் மாணவர் ஆக்லாந்தின் ஹென்டர்சன் பகுதியில் இருந்த இலங்கை மன்னார்க்காரர். ஏறக்குறைய என் வயது. அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. முதல் நாளே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"சேர், சூப்பர்வைசர் ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்கு வரச்சொல்லிக் கேக்கிறான். நானும் யெஸ் எண்டு சொல்லிப்போட்டு வாறன். ரெண்டு மாசத்தில மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலா நற்கருணை வாங்கிற நாள். அண்டைக்கு நான் கோயில்ல நிக்கவேணும். ஏலாது எண்டு சொல்லப் பழக்கிவிடுங்கோ."

நான் இரண்டு வாரம் ஆங்கில வினைச்சொல்லின் காலங்களை நடத்தினேன். எல்லாவற்றுக்கும் "ஓம் சேர்" என்றார். அவருக்குப் பதில் நானே சூப்பர்வைசருக்குப் போன் செய்திருக்கலாம். மாணவருக்காக நாம் பேசக்கூடாது என்பது தொண்டர் விதி. விதி எனக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

மூன்றாம் வாரம் மனமிரங்கி நாடகம் போட்டோம். நான் சூப்பர்வைசர். இடுப்பில் கை வைத்து, "ஒரு அரை நாள்தான், ஞாயிறு வந்துடுறியா?" என்று ஆங்கிலத்தில் கேட்பேன். அவர் "ஸாரி, ஐ கான்ட்" என்று சொல்ல வேண்டும். எழுந்து நின்று, "யெஸ் சேர்" என்பார். வாத்தியார் கேட்டு எப்படி மறுப்பது என்று அவருக்குச் சங்கடம். இதற்குள் அவர் மனைவி தேநீரும், பற்றிஸ் என்ற அவர்கள் ஊர்ப் பொரித்த பலகாரமும் கொண்டுவருவார். "வேண்டாம்மா, இப்பதான் சாப்பிட்டேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு நான்கு பற்றிஸ் சாப்பிடுவேன். மனதார ஒரு தடவையும் மறுத்திராத இருவர், மறுப்பதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம்.

மகள் ஒருநாள் புத்தகத்திலிருந்து தலை நிமிராமல், "டாட் வோன்ட் கம்" என்றாள், அப்பா அன்றைக்குக் கோயிலுக்கு வரமாட்டார் என்று. அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்கும் உள்ளே சுருக்கென்றது.

அப்போதுதான் நகரின் மறுகோடியான பக்குரங்காவிலிருந்து எங்கள் தொண்டர்களின் ஒருங்கிணைப்பாளர் அம்மாள் போன் செய்தார். கடிதத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வகுப்பைப் பார்க்க வேண்டுமாம். அவருக்கு ஒழிந்த நாள் ஒன்றே ஒன்று, ஞாயிறு காலை பத்து மணி. அது முதல் நன்மை நடக்கும் ஞாயிறு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அதற்கு மூன்று நாள் முன்பு வியாழன் வகுப்பில் கூசாமல் கேட்டேன்.

"ஒரு மணி நேரம்தான். பூசைக்குக் கொஞ்சம் லேட்டாப் போனா என்ன?"

அவர் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்தார். "நோ. ஸாரி. ஐ கான்ட்."

"ஒரு அரை மணி நேரமாவது..."

"நோ."

காரணம் சொல்லவில்லை. குழையவில்லை. சேர் என்ற சொல்லும் போடவில்லை. எல்லாம் நான் கற்றுக்கொடுத்தபடிதான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பேருந்தில் நான் குடியிருந்த மாசிப் பகுதிக்கு வந்து சேரும்வரை நன்றிகெட்ட மனிதர் என்று முணுமுணுத்தேன். வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வெட்கம் வந்தது. அந்த அம்மாளுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றேன். கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது.

அடுத்த வியாழன் அவர் வாசலிலேயே நின்றிருந்தார். என்னிடம் மறுத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசரிடம் சொன்னாராம். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டானாம். மகள் பூசை முடியும்வரை இவர் கையை விடவில்லையாம்.

பயிற்சிதான் காரணம் என்று அவர் வாயால் கேட்க எனக்கு ஆசை. "அவன்கிட்ட எப்படிங்க தைரியமாச் சொன்னீங்க?" என்றேன்.

"முதல்ல உங்களிட்டச் சொல்லிப் பாத்தனான், சேர்," என்றார் மிகுந்த மரியாதையோடு. "நீங்கள் கோவிச்சால் எனக்கு வேலை போகாதெல்லோ."