ஆள் சாகவில்லை என்று ஒரு ரிப்போர்ட்

நான் மோட்டாரைக் கொண்டுபோய் மோதியது ஒரு ரப்பர் மரத்தில். கம்பெனி மரம். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆள் அனுப்பியதும் போலீஸ் வந்துவிட்டது. மனிதன் மேல் மோதியிருந்தால் அவ்வளவு சீக்கிரம் வந்திருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள், மலாயா. ஈப்போவில் துணிக்கடை வைத்திருந்த ஒரு ராவுத்தர் முதலாளியின் வாடகை மோட்டார் காரை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் சீவியவன். விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, கால் முழுக்க அட்டைக்கடியோடு திரிந்தவன். ஒரு சீனன் பட்டறையில் எடுபிடியாக ஒட்டிக்கொண்டு வண்டி ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினேன். அந்தக் காகிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவேன். கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும், எனக்கென்ன.

அன்றைக்கு மழை விட்டு ரோடு வழுக்கலாக இருந்தது. நட்டநடுவே ஓர் எருமை. நான் ஒதுங்கினேன், மரம் ஒதுங்கவில்லை. நெற்றி புடைத்து மயங்கிவிட்டேன். பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து சனங்கள் ஓடி வந்து, ஒரு வீட்டில் என்னைக் கிடத்தி ஈரத்துணி போட்டார்கள். அதன் பிறகு, உயிர் தப்பினவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அந்த வீட்டு அக்கா மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, என்னை ஒரு சுற்று, மோட்டாரை ஒரு சுற்று ஆலாத்தி சுற்றி, தட்டு நிறைய இருந்ததை ரோட்டில் ஊற்றினாள். குங்குமம் அடைத்த பூசணிக்காயையும் உடைத்தார்கள். பூசணிக்காயை ஆடுகள் தின்றுவிட்டன. ரோட்டில் சிவப்பு மட்டும் மிஞ்சியது.

சைக்கிளில் வந்த மலாய்ப் போலீஸ்காரர் பார்த்தது என்னவென்றால், நசுங்கிய மோட்டார், ரோடெல்லாம் சிவப்பு, ஓட்டியவனைக் காணோம். செத்தது யார் என்று கேட்டிருக்கிறார். தெரியாதுங்க. பிணத்தை யார் தூக்கிப்போனது? தெரியாதுங்க. தோட்டத்தில் உடுப்புப் போட்டவன் எதைக் கேட்டாலும் பதில் அதுதான். மழை பெய்கிறதா என்று கேட்டாலும் அதுதான். இதற்குள் நான் கண்விழித்து, தலையில் கட்டோடு வெளியே வந்து நின்றேன். லயத்தில் ஒளிந்திருந்த டிரைவர் பிடிபட்டான் என்று எழுதிக்கொண்டு, லைசென்ஸையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முதலாளி கோபக்காரர் இல்லை. ரிப்போர்ட்டும் லைசென்ஸும் கையில் இருந்தால் வா, இல்லையென்றால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சிரித்தபடியேதான் சொன்னார். மறுபடி மரம் சீவும் உளியைத் தூக்குவதை நினைத்தாலே கால் அரித்தது.

ஸ்டேஷனில் எழுத்து வேலைக்கு யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர் இருந்தார். ரிப்போர்ட் தயார்தான், ஆனால் அதில் ஒரு சாவு இருக்கிறது, பிணம் கிடைக்காமல் நகல் தர முடியாது என்றார்.

"யாருமே சாகலைங்க" என்றேன்.

"சாகேல்லை எண்டதுக்கு ஆர் சாட்சி?"

நியாயமான கேள்விதான். உலகத்தில் பாதிப் பேர் அதற்குச் சாட்சி. ஆனால் லயத்தில் ஒருவரும் ஸ்டேஷன் படி ஏறத் தயாராக இல்லை. என்னிடமே தெரியாதுங்க என்றார்கள். அடப்பாவிகளா, என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியது நீங்கள்தானே என்றேன். அதுவும் தெரியாதாம். கடைசியாக அந்த அக்காவிடம் போனேன். கெஞ்சுவதற்கு என்னென்னவோ யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. "வாரேன் தம்பி, போலாம்" என்று தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டாள்.

ஸ்டேஷன் வாசலில் தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றி மஞ்சளைப் போட்டாள். மலாய்க்கார சார்ஜன் எழுந்து வந்து பார்த்தார். சுண்ணாம்பைக் கலந்தாள், சிவந்தது. சார்ஜன் விரலால் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். சாவை அடித்துவிடு என்று கிராணியிடம் சொன்னார். கிராணி பெரிய புத்தகத்தைத் திறந்து, செத்தவனை ஒரே கோட்டில் அடித்தார். சாவை அடிச்சாச்சு அக்கா என்று அவளிடம் சொன்னேன். நகல் எழுதி, அதன் மேல் என் லைசென்ஸை வைத்து, சார்ஜன் முன்னால் நீட்டினார். சார்ஜன் பேனாவை மையில் தோய்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அக்கா கிராணியைப் பார்த்து, கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"ஐயா, செத்ததா எழுதுனத அடிக்கலாம்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். எங்க வீட்டுக்காரரு சம்சு சாராயம் காய்ச்சுனாருன்னு இங்கதான் புடிச்சாந்தாங்க. இங்கயே காய்ச்சல்ல செத்துட்டாருன்னு ஆள் வந்து சொன்னாங்க. மொகத்தக்கூட காட்டல. அதையும் அடிச்சிருங்கய்யா."

கிராணி பெரிய புத்தகத்தை மூடினார். அவள் என்ன சொல்கிறாள் என்று சார்ஜன் கேட்டார். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்கிறாள் என்று கிராணி மலாயில் சொன்னார். தாராளமாகப் போகட்டும் என்றார் சார்ஜன்.

அக்காவுக்கு மலாய் தெரியாது. பதில் வந்துகொண்டிருக்கிறது என்று நினைத்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள்.

இன்னும் ஒரு கையெழுத்துதான் பாக்கி. ஆனால் கிராணியின் பொய்யைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் அதைக் கேட்கவில்லை, இதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் முழுவதையும் சொல்லிவிட்டேன்.

சார்ஜன் கோபப்படவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். என் ரிப்போர்ட்டையும் லைசென்ஸையும் மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். நாளை வா என்றார்.

போனேன். நாளை என்றார்கள். பிறகும் போனேன், பலமுறை போனேன். முதலாளி வேறு டிரைவர் வைத்துக்கொண்டார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் தோட்டத்திலேயே பேர் பதிந்து நான் உளியைத் தூக்கினேன். எனக்குக் கொடுத்த மர நிரைக்கு அடுத்த நிரை அக்காவுடையது.

நான் ஸ்டேஷனுக்குப் போய் வந்த மறுநாளெல்லாம், சீவுவதை நிறுத்தாமலே கேட்பாள். என் லைசென்ஸைப் பற்றி அல்ல, வீட்டுக்காரரைப் பற்றி.

"அடிச்சாங்களா தம்பி?"

"நாளைக்குன்னாங்க அக்கா."

சரி என்று அடுத்த மரத்துக்குப் போவாள்.