தென்மேற்கில் ஒரு வாய்க்கால்

சிட்லபாக்கத்து மனையில் அஸ்திவாரம் மட்டும் எழும்பியிருந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். சிமெண்ட்டுக்குக் கட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில் பர்மிட்டுக்கு நாயாக அலைந்து என் கணவர் வாங்கிய சிமெண்ட் மூட்டைகள் அங்கே ஒரு தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் இருந்தன. சவுக்குக் கம்புகள், மேலே தார்ப்பாய், கீழே வெறும் மண். தீபாவளிக்கு ஊருக்குப் போன காவலாளி இன்னும் திரும்பவில்லை. மழை பிடித்துக்கொண்டது. மூட்டை நனைந்தால் கல்லாகிவிடும், இன்னொரு பர்மிட்டுக்கு எங்கே போவது என்று பதறிக்கொண்டு இவர் கிளம்ப, நானும் கூடவே ஒட்டிக்கொண்டேன். சிமெண்ட்டின் மேல் எனக்கு அப்படியொன்றும் பாசம் இல்லை. மேற்குத் தாம்பரம் வீட்டில் இருந்தது ஒரே ஹால். அதில் மாமனார், மாமியார், கொழுந்தனார்கள். நாங்கள் தனியாகப் பேச ஒரு கூரை கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது.

முதலில் செங்கல் அடுக்கிப் பலகை போட்டு மூட்டைகளை ஏற்றினோம். தார்ப்பாயின் நடுவே தண்ணீர் தொப்பை போட்டுத் தொங்கியது. கம்பால் முட்டித் தள்ளினேன். மொத்தமும் இவர் தலையில் கொட்டியது. முறைத்தார், பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

தரையில் வரும் தண்ணீர்தான் பெரும்பாடு. கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, அதை ஈசானி மூலைக்குத் திருப்பினார். தண்ணீர் வடகிழக்கே போக வேண்டும், தென்மேற்கில் பள்ளம் தோண்டவே கூடாது என்பது பூமி பூஜையன்றே மாமியார் போட்ட உத்தரவு. ஆனால் மனையில் மேடே அந்த ஈசானி மூலைதான். தண்ணீர் அதுவரை போய்ப் பார்த்துவிட்டு நேராகக் கூடாரத்துக்குள் திரும்பி வந்தது. இவர் இன்னும் வெட்ட, இன்னும் வந்தது. பலகையைத் தொட ஒரு சாண்தான் பாக்கி.

“பள்ளம் இந்தப் பக்கம் இருக்குங்க” என்று தென்மேற்கைக் காட்டினேன்.

“அம்மா வேணாம்னு சொல்லியிருக்காங்களே.”

“காலைல மூடிடலாம். யாருக்குத் தெரியப்போவுது?”

அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாத பிள்ளை. சற்று நேரம் மழையிலேயே நின்றார். பிறகு வெட்டினார். நான் மண்ணைக் கையால் அள்ளிக் கூடாரத்தின் ஓரமாக வரப்புக் கட்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று தெருவுக்கு ஓடியது. மூட்டைமேல் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி, மூன்று மாதமாகப் பேசாததையெல்லாம் பேசினோம். எப்போது தூங்கினோம் என்றே தெரியாது.

கண் விழித்தால், டிபன் கேரியரோடு எதிரே மாமியார். வாய்க்காலை மூடியிருக்கவில்லை.

“யாரு வெட்டினது இது?”

 பழி என் தலையில்தான் விடியும் என்று நினைத்தேன்.

“நாங்க ரெண்டு பேரும்தாம்மா” என்றார் இவர். “இருக்கட்டும், மூட வேணாம். தண்ணி இப்படித்தான் போவுது.”

அந்த நிமிடம் இவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. மாமியார் குனிந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு இட்லியை எடுத்து வைத்தார்.

வீடு முடியும் தறுவாயில், மழைத்தண்ணீர்க் குழாயை எந்தப் பக்கம் இறக்குவது என்று மேஸ்திரி மாமியாரிடம் கேட்டார்.

“எம் மருமகளைக் கேளுங்க” என்றார் மாமியார்.