முதல் அத்தியாயத்திலேயே செத்துப்போகும் அம்மாக்கள்

பதினோராம் வகுப்பில் நான் பாடப்புத்தகங்களைவிட ஆங்கில நாவல்களைத்தான் அதிகம் படித்தேன். அதிலும் இரண்டே வகை. ஒன்று, மந்திரமும் அரண்மனையும் வாள்சண்டையும் வருபவை. இன்னொன்று, உலகம் நாசமான பிறகு ஒரு கொடுங்கோல் அரசாங்கம் வந்து உட்கார்ந்துகொள்ள, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி அதைக் கவிழ்ப்பவை. புத்தகங்களைக் கொடுத்தவள் என் வகுப்புத் தோழி. அவளுடைய அக்கா பெங்களூரில் படித்தாள். லீவுக்கு ஆம்பூர் வரும்போதெல்லாம் பை நிறையக் கொண்டுவருவாள். அக்கா படித்து, தோழி படித்து, கடைசியில் என் கைக்கு வரும்போது அட்டையில் டீக்கறை இருக்கும்.

அந்தப் புத்தகங்கள்மேல் எனக்குப் பைத்தியம்தான். ஆனால் குறையும் சொல்வேன். கதாநாயகி தன்னைச் சாதாரணப் பெண் என்று முதல் பக்கத்தில் சொன்னால், ஐந்தாம் பக்கத்தில் அவள் கண் வெள்ளி நிறத்தில் மின்னும். காட்டில் மாதக்கணக்காக ஒளிந்திருப்பாள், ஒரு மாதம்கூட அவளுக்குத் தீட்டு வராது. அவள்மேல் உயிரை வைத்திருக்கும் பையன்கள் கண்டிப்பாக இரண்டு பேர் இருப்பார்கள். மூன்றாம் பாகம் எப்போதும் ஏமாற்றும். இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் அடுத்ததைப் பிரிப்பேன்.

இவற்றை நான் அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தது தற்செயலாக நடந்தது. அம்மா நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் வேலை செய்கிறாள். காலை ஆறு மணிக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வரும். திரும்பி வர ஏழு ஆகும். அப்பா வெளியூரில் கட்டட வேலையில் இருந்ததால் வீட்டில் நாங்கள் இருவர்தான். ஒரு சாயங்காலம் அம்மா பூண்டு உரித்துக்கொண்டே, “அப்படி இன்னாதான்டி இருக்குது அதுல? கூப்ட்டாகூட காதுல விழல” என்றாள். சொன்னேன். மறுநாள் அவளே, “அப்பறம் இன்னா ஆச்சி?” என்று கேட்டாள்.

நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது நான்கு பாகங்கள் கொண்ட ஒரு தொடர். மூன்று பாகம் வந்திருந்தது. ஒரு மதில் நகரம். மதிலுக்கு உள்ளேதான் மழை பெய்யும். வெளியே இருப்பவர்கள் காலையில் உள்ளே வேலைக்குப் போய் இருட்டுவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். வெளியே பிறந்த ஒரு பெண்ணின் கையில் மழையை வரவழைக்கும் சக்தி இருக்கிறது. அவளை விரும்புபவர்களில் ஒருவன் உள்ளே இருக்கும் சிப்பாய், எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பவன். இன்னொருவன் அவள் தெருக்காரன், கயிறு திரிப்பவன், அதிகம் பேசமாட்டான். நான் கயிறு திரிப்பவன் பக்கம். மூன்றாம் பாகத்தின் முடிவில் அவன் செத்தபோது நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

கதாநாயகியின் அம்மா முதல் அத்தியாயத்திலேயே இறந்துவிடுவாள். அதைச் சொன்னதும் அம்மாவின் கை நின்றது.

“ஏன் செத்தா?”

“ஜுரம்மா.”

“வைத்தியம் பாக்கலியா?”

“அதெல்லாம் புக்ல இல்ல. கதைக்காக சாவடிச்சிட்டாங்க. அம்மா இருந்தா அவள வெளிய உடமாட்டாங்க இல்ல, அதான்.”

“இதுக்கு முன்ன சொன்ன கதையிலயும் அம்மா இல்லையே.”

“அதுல இருந்தாங்கம்மா. பித்துப் புடிச்ச மாதிரி மூலைல உக்காந்துருப்பாங்க.”

“நல்லா எழுதறாங்க போ” என்று அம்மா பூண்டுக்குத் திரும்பினாள்.

ஆனாலும் கேட்டாள். தினமும் கேட்டாள். எனக்கு அது பெரிய சந்தோஷம். வகுப்பில் என் கருத்துகளைக் கேட்கத் தோழி ஒருத்தியைத் தவிர ஆள் இல்லை. அம்மா சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் நான் பின்னாலேயே போய் சொல்லிக்கொண்டிருப்பேன். கதையோடு கதையாக மனதில் இருந்ததையும் சொல்லிவிடுவேன். ஒருமுறை, மதிலைத் தாண்டும் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, “எனக்கும் இந்த ஊர்ல மூச்சு முட்டுதும்மா. பிளஸ் டூ முடிச்சதும் ரொம்ப தூரமா எங்கயாச்சும் போய் படிக்கணும். திரும்பி வரவே கூடாது” என்றேன். அம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். கேட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. எனக்கு அதைச் சொல்லிவிட்டதே போதுமாக இருந்தது.

அந்த வருடம் மழைக்காலத்தில், அம்மாவோடு வேலை செய்யும் ஒருவர் தன் மகளுக்கு அணைக்கட்டு என்ற ஊரில் மஞ்சள் நீராட்டு விழா வைத்தார். ஞாயிற்றுக்கிழமை. பஸ்ஸில் ஒன்றாகப் போகிற பெண்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வேன் பிடித்தார்கள். நானும் போனேன்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், பஸ்ஸில் அம்மாவின் பக்கத்துச் சீட்டுக்காரர். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். வாய்விட்டுச் சிரிப்பவர். இலை போட்டதும் என் தொடையைத் தட்டினார்.

“கண்ணு, நீயாவது சொல்லேன். உங்கம்மா ரெண்டு நாளா இழுக்கறா. அந்த மழக்காரப் பொண்ணோட அம்மாக்காரி ஜெயில்லருந்து வந்துட்டாளா, இல்லியா?”

எனக்குப் புரியவில்லை. “எந்த அம்மா, அத்தை?”

“அதான், மதிலுக்கு அந்தாண்ட வேலைக்குப் போவாளே, அவதான்.”

“அவங்க செத்துட்டாங்களே. முதல்லயே.”

எதிர்வரிசைப் பெண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அப்பளம் உடைந்தது. “செத்தாளா! போன வாரம்தான் கோட்டைக்குள்ள பூந்து, சிப்பாய்ங்க துப்பாக்கிய எல்லாம் தூக்கிக் கிணத்துல போட்டா!”

நான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவள் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். ரசத்தை உறிஞ்சுவதில் மும்முரமாக இருந்தாள்.

விஷயம் மெல்லத் தெரிந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் பாதிப்பேர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் அம்மா கதை சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சாயங்காலம் சொல்வதை மறுநாள் காலையில் பஸ்ஸுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்திருக்கும்.

திரும்பும்போது வேனில் எல்லாரும் கேட்டார்கள். அம்மா முதலில் மறுத்தாள், என் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். அவளுக்குக் கதை சொல்ல நன்றாக வருகிறது, அதை மறுக்க முடியாது. குரலை எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்து இறக்கினாள். ஆனால் அது என் கதை இல்லை. கதாநாயகியின் அம்மா உயிரோடு இருந்தாள், சதித்திட்டம் முழுவதும் அவள் போட்டது. கதாநாயகி மதிலைத் தாண்டிப் போகிறாள், ஆனால் தினமும் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒப்பிக்கிறாள். கயிறு திரிப்பவன், நான் பட்டினி கிடந்து அழுதேனே, அவன் கதாநாயகிக்குக் கூடப்பிறந்த அண்ணனாகியிருந்தான்!

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் அதைக் கேட்டேன்.

“அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது? எனக்கு இந்த ஊர்ல மூச்சு முட்டுதும்மா, ரொம்ப தூரமா போய்டணும், திரும்பி வரவே கூடாதுன்னுது.”

“அடிப்பாவி” என்றார் அத்தை.

“போவுது. போற எடத்துல ஜுரம் வந்து படுத்துடுது. தண்ணி குடுக்க நாதியில்ல. அம்மா, நான் தப்பு பண்ட்டேன்னு அழுவுது.”

“பொண்ணுங்க அப்படித்தான். பட்டாத்தான் தெரியும்” என்று பின்சீட்டிலிருந்து யாரோ சொன்னார்கள். வேனில் எல்லாரும் ஆமோதித்தார்கள். நான் சொன்ன வார்த்தைகள். படிக்கணும் என்பதை மட்டும் எடுத்துவிட்டிருந்தாள். பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் அவற்றைக் கொடுத்து, அவர்கள் வாயால் தீர்ப்பும் வாங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் கேட்டேன். “என் கதைய ஏன்மா மாத்துன?”

“உன் கதையா? நீயா எழுதுன?”

“அவன ஏன் அண்ணனாக்குன?”

“ரெண்டு பசங்களோட சுத்துதுன்னா பஸ்ல இன்னா நெனைப்பாங்க? ஒருத்தன் போதும்.”

“நான் உன்கிட்ட சொன்னத ஏன் அங்க சொன்ன?”

அவள் புடவை ஊக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “உன் பேரச் சொன்னனா?”

“அந்த அம்மா சாகணும்மா! அவங்க செத்தாத்தான் கதையே!”

நான் கத்தியிருக்கிறேன் என்பது, பக்கத்து வீட்டு டிவி சத்தம் குறைந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க வெளியே போனாள். எடுத்து வந்தவற்றை மடிக்காமல் கட்டிலில் போட்டாள்.

அதன்பிறகு நான் கதை சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சோறு, குழம்பு, கரண்ட் போனது, சிலிண்டர் தீர்ந்தது, இவ்வளவுதான் பேச்சு. பஸ்ஸில் எதை வைத்துச் சமாளித்தாள் என்று தெரியாது. எனக்குக் கவலையும் இல்லை. எனக்கு நான்காம் பாகம் வர வேண்டியிருந்தது. எழுதியவர் என்னைக் கைவிடமாட்டார் என்று நம்பினேன். மூன்று பாகங்களிலும் கதாநாயகி தன் இறந்துபோன அம்மாவோடு மனசுக்குள் பேசிக்கொண்டே வருவாள். அந்தப் பக்கங்கள்தான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. அம்மாவோடு பேசாமல் இருந்த நாட்களில் அவற்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த தோழியின் அக்கா நான்காம் பாகத்தைக் கொண்டுவந்தாள். தோழி, “நீயே மொதல்ல படி. நான் படிச்சிட்டேன்னா உன் மூஞ்சப் பாத்து முடிவ மறைக்க முடியாது” என்று கொடுத்தாள்.

நடுவில் ஒரு அத்தியாயம் வந்தது. கோட்டையின் உச்சியில், மழையை மதிலுக்குள் கட்டிவைத்தவர் திரும்பிப் பார்க்கிறார். அது கதாநாயகியின் அம்மா. சாகவே இல்லை. ஜுரம் பொய், புதைத்தது வேறு யாரையோ. ‘எல்லாம் உன் நன்மைக்காகத்தான்’ என்கிறாள். மகள் அவளைக் கொன்றுவிடுகிறாள். பிறகு அதே நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்கிறாள், மக்களுக்காகத்தானாம். சிரிக்கும் சிப்பாய் பக்கத்தில் நிற்கிறான். மதிலுக்கு வெளியே மழை பெய்ததை ஒரே ஒரு பத்தியில் சொல்லி முடித்துவிட்டார்கள். மூன்று பாகம் முழுக்க வறண்டு கிடந்த ஜனங்களுக்கு ஒரு பத்தி! காலையில் உள்ளே போய் சாயங்காலம் வெளியே வந்தவர்கள் இப்போது எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. இல்லாத அம்மாவோடு அவள் பேசிய பேச்செல்லாம் வாசகரை ஏமாற்றப் போட்ட பொறி என்று ஆகிவிட்டது. நானும் அதில் விழுந்தவள்தான்.

புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அட்டை கிழிந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“கடைசி பாகமா?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் நின்றாள். “பஸ்ல கேட்டு உயிர வாங்கறாங்க” என்றாள், சுவரைப் பார்த்து.

எனக்கும் யாரிடமாவது சொல்லியாக வேண்டும். “அவங்கம்மா உயிரோடதான் இருந்தாங்களாம்” என்றேன்.

அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தது. கரண்டியோடு வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். “பாத்தியா! நான் சொன்னேன்ல? அவ்ளோ சுளுவா செத்துடுவாளா?”

“அவங்கதான்மா வில்லி. மழைய நிறுத்தி வெச்சதே அவங்கதான்.”

“இன்னாது?”

“கடைசில அவளே அம்மாவக் கொன்னுட்றா.”

அம்மா கரண்டியைத் தரையில் வைத்தாள். பிறகு, “சாவறதுக்கு முன்ன அம்மா இன்னா சொன்னா?” என்று கேட்டாள்.

“ஒன்னும் சொல்லல. பேச உடல.”

“எழுதுனது ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளதான்மா.” புத்தகத்தை எடுத்து முன்பக்கத்தைக் காட்டினேன். “என் அம்மாவுக்குன்னு போட்டு, நீ இல்லாம இந்தக் கதை இல்லன்னு எழுதியிருக்காங்க.”

அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். விரலை வைத்து, அம்மா என்ற அந்த ஒரு சொல்லைப் படித்தாள். பிறகு புத்தகத்தை என்னிடம் நீட்டிவிட்டு, “அடுப்புல குழம்பு இருக்குது” என்று எழுந்து போனாள். அன்று இருவருக்கும் ஒரே ஆள்மேல்தான் கோபம். அதனால் ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த கோபம் போய்விடவில்லை. ஆனால் அன்று சேர்ந்து சாப்பிட்டோம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் கடைவீதியில் அத்தையைப் பார்த்தேன். “இன்னா கண்ணு, அந்தக் கத பாதிலயே நின்னுடுச்சாமே? எழுதுனவங்க முடிக்கவே இல்லன்னுட்டா உங்கம்மா.”

“ஆமா அத்தை.”

“சே, பேஜாரா இருக்குது” என்றார் அவர். பஸ்ஸில் இப்போது அந்தாக்ஷரி நடக்கிறதாம்.

பிளஸ் டூ முடித்து நான் ஹைதராபாத்துக்குப் போனேன். அம்மா தடுக்கவில்லை. விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான். முதல் மாதமே எனக்கு ஜுரம் வந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. அறைத்தோழிதான் தண்ணீர் கொடுத்தாள். வேனில் கேட்ட வார்த்தைகளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இனி அவளிடம் மனதில் இருப்பதைச் சொல்வதென்றால் ஒருமுறை யோசித்துத்தான் சொல்வேன்.

போன மாதம் போனில் பேசும்போது அவளே ஆரம்பித்தாள். “கத கித எதுனா படிக்கறியா?”

“படிக்கறேன்.”

“அம்மா உயிரோட இருக்கற மாதிரி ஒன்னு பாரு. நல்லவளா இருக்கணும். அங்க பெரிய லைப்ரரி இருக்குமே.”

மூன்று சாயங்காலம் நூலக அலமாரி முன்னால் நின்றுகொண்டே முதல் அத்தியாயங்களைப் புரட்டினேன். ஜுரம், தீ விபத்து, பிரசவம், போர். ஒருத்தி காணாமல் போயிருந்தாள். அவளை நான் நம்பவே இல்லை, கடைசிப் பாகத்தில் கத்தியோடு வருவாள். கடைசியாக ஒன்று கிடைத்தது. மலைமேல் இருக்கும் ஒரு ராஜ்ஜியம், கொல்லன் வீட்டுப் பெண், அவளோடு சேர்ந்து சம்மட்டி அடிக்கும் அம்மா. அன்றே போனில் சொன்னேன்.

“முழுசா படிச்சிட்டுச் சொல்லு. பாதில சொல்லாத” என்றாள் அம்மா.

பாதிப் புத்தகம் தாண்டிவிட்டேன். அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள், மகளோடு சண்டை போடுகிறாள், சிரிக்கவும் சிரிக்கிறாள். தினமும் கொஞ்சமாகத்தான் படிக்கிறேன். எழுதியவர்மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை.