பி.எட். போக மாட்டேன்

பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கோடையில் நான் அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பி.எட். படிக்க வேண்டும், பக்கத்தில் ஏதாவது மெட்ரிகுலேஷன் பள்ளியில் டீச்சராக வேண்டும், அதற்குள் ஒரு மாப்பிள்ளை அமைந்துவிடுவார். தாயில்பட்டியில் எங்கள் தெருவில் காலேஜ் முடித்த முதல் பெண் நான். அதனால் எனக்கு யோசனை சொல்லும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. குழாயடியில் சொன்னார்கள். பட்டாசுக் கம்பெனி வேனில் அம்மாவுடன் வேலைக்குப் போகிறவர்கள் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள்.

நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர். வெடிக்குள் போகும் பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்பார்கள். நான் பள்ளியில் படிக்கும்போது அந்த அறையில் தீப்பிடித்தது. அப்பா உயிரோடு வந்தார். இடது கை முழங்கைக்குக் கீழே சுருங்கிப்போயிருந்தது. அதற்குப் பிறகு அதே கம்பெனியில் கேட் வாட்ச்மேன் ஆனார். நான் காலேஜில் கெமிஸ்ட்ரி சேர்ந்தபோது, ஒரு டிகிரி இருந்தால் பி.எட். போகலாமே என்று பொறுத்துக்கொண்டார். இப்போது பொறுக்கவில்லை.

“மருந்துல கெடந்து நான் சீரழிஞ்சது பத்தாதா? நீயும் அதுக்கே போறேங்கிற.”

“நீங்க கலக்குனீக. நான் படிக்கப் போறேன்.”

“எல்லாம் ஒரே எழவுதான்.”

அப்பாவின் பயம் நியாயமானது. ஆனால் அது அப்பாவின் பயம். அதை நானும் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை. ஒரு வினை ஏன் இந்தப் பக்கம் போகிறது, ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்று காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்து, கடைசியில் அது சரியாக வந்து விழும்போது நான் தனியாகச் சிரித்திருக்கிறேன். இதைச் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. எங்களைப் போன்ற வீட்டில் பிள்ளை படித்தால் அந்தப் படிப்பு உடனே எதற்காவது உதவ வேண்டும். பிடித்திருக்கிறது என்பதற்காகப் படிப்பது பணக்காரர்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

விண்ணப்பத்தை நானே வாங்கி, நானே நிரப்பி, சிவகாசி தபால் ஆபீசில் நானே ரிஜிஸ்டர் தபாலில் போட்டேன். அரை நாள் பஸ் பயணத்தில் இருந்த பல்கலைக்கழகம் அது. நேர்காணலுக்கு அழைத்தார்கள். அம்மா ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு வந்து, வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே மூன்று பேராசிரியர்கள். நடுவில் இருந்தவர் ஆங்கிலத்தில் கேட்டார். பதில் தெரிந்தது. வாயில் ஆங்கிலம் வரவில்லை. பத்திரிகை விரிப்பதைப் போல என் விண்ணப்பத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, அப்பா என்ன வேலை என்றார். சொன்னேன். அதற்குப் பிறகு தமிழுக்கு வந்துவிட்டார்.

“ஏம்மா, பி.எட். போகலாமே? பொம்பளைப் பிள்ளைக்கு அதுதானே நல்லது.”

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

“எங்க அப்பாவும் இதைத்தான் சொல்றாக, சார். அவுககிட்டயே நான் சரின்னு சொல்லல.”

ஓரத்தில் இருந்த பேராசிரியை குனிந்து எதையோ எழுதினார். நடுவில் இருந்தவர் போகலாம் என்றார்.

சீட்டு கிடைக்கவில்லை. சிவகாசியில் ஒரு பிரவுசிங் சென்டரில் பட்டியலை மூன்று தடவை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிட்டு வந்தேன். தெருவில் ஒருவரும் வருத்தப்படவில்லை. “நாங்க அப்பவே சொன்னோம்ல” என்றார்கள். வாய்க்கொழுப்பால் சீட்டைக் கெடுத்துக்கொண்டேன் என்று சித்தி சொன்னாள். இருக்கலாம். ஆனால் அந்தப் பதிலை இன்றைக்குக் கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன்.

அடுத்த வருஷம் மறுபடியும் போடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். பி.எட். விண்ணப்பம் ஒன்றை அப்பா யாரிடமோ சொல்லி வாங்கி வந்தார். அது டிவிக்கு மேலேயே கிடந்து மஞ்சளாகிப் போனது.

சும்மா இருக்க முடியாதென்று சிவகாசியில் ஒரு அச்சகத்தில் காலண்டர் செக்‌ஷனில் வேலைக்குச் சேர்ந்தேன். காலண்டர் சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. தேதித் தாள்களை அடுக்கித் தட்டிச் சேர்க்கும்போது வாய்க்குள் ஆங்கிலத்தில் பாடத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். பக்கத்தில் இருந்த அக்கா ஒருநாள், “என்னத்தப் புள்ள முணுமுணுக்குற, மந்திரமா?” என்றாள். ஆமாம் என்றேன்.

தை மாதம் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக லோடு வேன் இருந்தது. நல்ல குடும்பம் என்றுதான் சொன்னார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. கேசரியும் சேவும் வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, சமைப்பியா என்று கேட்டார்.

“சமைப்பேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த வருஷம் யுனிவர்சிட்டிக்கு மறுபடியும் விண்ணப்பம் போடுறேன். சீட்டு கிடைச்சா ரெண்டு வருஷம் ஹாஸ்டல்ல இருப்பேன். சம்மதம்னா பேசுங்க.”

மாப்பிள்ளையின் அப்பா தட்டைக் கீழே வைத்தார். “போன வருஷந்தான் கெடைக்கலையாமே?”

“ஆமா. அதான் மறுபடி போடுறேன்.”

மாப்பிள்ளை மட்டும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். அங்கிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

அப்பா அன்று சாயங்காலம், “சபையில வச்சு என்னைய மண்ணாக்கிட்ட தாயி” என்றார். அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் அம்மாவைப் பார்த்துத்தான் சொல்வார், நான் அடுப்படியில் நின்றாலும்.

இரண்டாம் முறை நேர்காணலுக்கு நான் தனியாகப் போனேன். அதே அறை, நடுவில் அதே பேராசிரியர்.

“நீ போன வருஷம் வந்த பிள்ளைதானே?”

“ஆமா சார்.”

“பி.எட். போகலியா?”

“போகல சார்.”

எழுந்துபோய்க் கரும்பலகையில் பென்சீனில் நைட்ரேஷன் எப்படி நடக்கிறது என்று போட்டுக்காட்டச் சொன்னார். ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். வருஷம் முழுக்கக் காலண்டர்களுக்குச் சொன்ன பாடம்தான். பாதியில் ஒரு வாக்கியம் சிக்கிக்கொண்டது. தமிழில் தொடர்ந்தேன். இங்கிலீஷில் சொல்லும்மா என்றார்.

“இங்கிலீஷ்ல தப்பா சொல்லட்டுமா, தமிழ்ல சரியா சொல்லட்டுமா சார்?”

பேராசிரியை சத்தமாகவே சிரித்துவிட்டார். நடுவில் இருந்தவர் சிரிக்கவில்லை. “சரி, முடி” என்றார். தமிழும் ஆங்கிலமுமாக முடித்தேன். கடைசி அம்புக்குறியையும் போட்டேன். அவர் பலகையைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கேள்வி, அப்புறம் இன்னொன்று. அந்த அறையில் அன்றைக்கு அதிகநேரம் நின்றவள் நானாகத்தான் இருப்பேன்.

சீட்டு கிடைத்தது.

ஹாஸ்டல் விண்ணப்பத்தில் தந்தை அல்லது காப்பாளர் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. அப்பாவிடம் நீட்டினேன். அவர் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டார். அம்மா கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கும் வேலை பார்ப்பவள். வெளிச்சத்துக்கு வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“கையெழுத்துதான வேணும்? எங்கன போடணும், காட்டு.”

தன் பெயரை எழுத்துக் கூட்டிப் போட்டாள். கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தது.

சேரும் அன்று கவுண்டரில் இருந்த கிளார்க் அதைத் திருப்பிக் கொடுத்தார். “அப்பா இல்லையா?”

“இருக்காக.”

“அப்போ அவர் போடணும்மா.”

“தந்தை அல்லது காப்பாளர்னு போட்டிருக்கு, சார். இவுக காப்பாளர்.”

“அம்மாவா?”

“ஆமா. என்னைக் காப்பாத்துனது இவுகதான்.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் நகரவில்லை. அம்மா என் தோளுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவளும் நகரவில்லை. கிளார்க் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்தபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் பையை இறக்கி வைக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

“அங்கன சோறு எப்படி?”

“நல்லாவே இல்ல.”

“பெறகு என்னத்துக்கு அங்கன கெடக்க? வந்துர வேண்டியதுதான?”

“சோத்துக்கா போனேன்?”

அப்பா உள்ளே பார்த்து, பிள்ளைக்குச் சோறு போடச் சொன்னார். லீவு முடிய ஒருநாள் இருக்கும்போதே நான் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் லேப் இருந்தது.