அலறாத பம்ப்

என் தங்கை மகள் ஒரு கையிலிருந்த இடுக்கியால் ரப்பர் குழாயை நசுக்கிப் பிடித்திருந்தாள். மறு கை விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்தது. நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப் அது. குழாய் அடைபட்டால் அலற வேண்டும். அதற்குள் ஓடி அதை இயக்கும் ‘டிரைவர்’ நிரலை எழுதியவள் அவள்தான். வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னை, பட்டன்களை அழுத்திப் பார்க்க அவள் கம்பெனியில் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் காலை பம்புகள் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பம்ப் அலறவில்லை. திரை உறைந்து நின்றது.

“எதையும் தொடாதீங்க பெரியம்மா.” அவள் முகம் வெளுத்துவிட்டது.

எத்தனையோ முறை ஒழுங்காக அலறிய பம்ப். அன்றுதான் நினைவகத்தை வேண்டுமென்றே நிரப்பிவிட்டுச் சோதித்தாள். அடைப்பு தெரியும் கணத்தில் எச்சரிக்கையைப் பதிய நினைவகத்தில் இடம் கேட்கிறது அவள் நிரல். கேட்கும்போது, இடம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லும் குறிச்சொல் ஒன்றும், ‘கொடி’ என்பார்கள், வைக்க வேண்டுமாம். அவள் வைத்தது ‘கெர்னல்’: இடம் கிடைக்கும்வரை தூங்கிக் காத்திருக்கலாம். அந்தக் கணத்திலோ தூங்கவே கூடாது, தூங்கினால் பம்பே உறைந்துவிடும். இடம் தாராளமாக இருந்தவரை தப்பு வெளியே தெரியவில்லை.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “‘அட்டாமிக்’னு மாத்தும்மா. ஒரு வார்த்தை. இதுக்கா பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

மாற்றினாள். நசுக்கினாள். திரை உறையவில்லை, அலறலும் இல்லை. அந்தக் கொடி காத்திருக்காது, இடம் இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

“முன்னாடி மயக்கம் போட்டுச்சு. இப்ப முழிச்சுக்கிட்டே சும்மா இருக்கு. இது போகக் கூடாது சார்.”

“வண்டி சொல்லியாச்சு. வார்டுல யாரு நினைவகத்தை நிரப்பப் போறா?”

“தானா நிரம்பினா? படுத்திருக்கறவங்க எந்திரிச்சு வந்து சொல்லுவாங்களா?”

மேனேஜர் என்னிடம் திரும்பினார். “நீங்களாவது சொல்லுங்கம்மா.”

“நான் பட்டன் அழுத்த வந்தவ. எனக்கு மட்டும் இதை மாட்டிடாதீங்க.”

அவர் சிரிக்கவில்லை. வண்டி நின்றால் அவள் வேலையும் நின்றுவிடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிடு என்றேன், சாப்பிட்டாள். வயிற்றைக் காயப்போட்டு எதுவும் சரியானதில்லை.

மறுநாள் காலை வண்டி வருமுன்பே என்னையும் கூட்டிக்கொண்டு போய், பெட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். மருத்துவமனைக்கு அவளே போன் செய்து குறையைச் சொன்னாள். பிறகு இடம் கேட்கும் வரியை எடுத்து, பம்ப் இயங்கத் தொடங்கும் பகுதியில் ‘கெர்னல்’ கொடியோடே வைத்தாள். அங்கே காத்திருந்தால் பாதகமில்லை; கிடைத்த இடம் அலறலுக்கென்றே தனியாக இருக்கும். இடம் கிடைக்காவிட்டால் பம்ப் கிளம்பவே கிளம்பாது. கிளம்பியபின் நினைவகத்தை நிரப்பினாள்.

“நசுக்குங்க பெரியம்மா.”

நசுக்கினேன். பக்கத்து அறையிலிருந்து மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.