வட்டத்தின் மேல் பன்னிரண்டு செருப்புகள்

டியூஷன் தொழிலுக்கு ஒரே ஒரு மூலதனம் போதும்: பிள்ளைகளைவிட ஒரு பாடம் முன்னால் இருக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு நான் கணக்கு டியூஷன் எடுத்தபோது, ஒரு பாடம் பின்னால் இருந்தேன். தனக்கே தெரியாததை அடுத்தவருக்குத் தைரியமாகச் சொல்லிக்கொடுத்து மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே ஜாதி.

முதலில் என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் சபாக். வயது இருபத்தொன்று. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை. நிரந்தரமாக வேண்டுமென்றால் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போக வேண்டும். அதற்கு ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்கில் கிரெடிட் வேண்டும், குறைந்தது சி ஆறு. என் கையில் இருந்ததோ பி எட்டு. பி என்றால் பாஸ், அந்தப் பெயரில் கொடுக்கும் கடைசி கிரேடு அதுதான். அதற்குக் கீழே எஃப் ஒன்பது என்ற பள்ளம் மட்டுமே உண்டு. அதனால் அந்த வருடக் கடைசியில் தனியாகக் கணக்குப் பரீட்சை எழுத, யாருக்கும் சொல்லாமல் பெயர் கொடுத்திருந்தேன். இந்த முறையும் கோட்டை விட்டால் சபாக்குக்குத் திரும்பி மாமா கடையில் அரிசி நிறுக்க வேண்டியதுதான். மாமா நல்லவர்தான், ஆனால் எனக்கு அரிசி மூட்டையோடு வாழ்நாளைக் கழிக்க இஷ்டமில்லை.

கணக்கு என் தலையில் விழுந்த விதம்

டியூஷன் தமிழ்ப்பள்ளியின் கடைசி வகுப்பறையில் சாயங்காலம் நாலரைக்கு நடக்கும். மொத்தம் ஐந்து பிள்ளைகள். நான் மலாயும் சரித்திரமும் எடுத்தேன். கணக்கு எடுத்த வாத்தியார் செரண்டாவில் தொழிற்சாலை வேலை கிடைத்து, ஒரு சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. வட்டப் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பெற்றோர்களுக்கெல்லாம் தலைவர், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் பெருமாள். அவர் மகன் சேகரும் அந்த ஐவரில் ஒருவன். காக்கிக் கால்சட்டையோடு நேராக வகுப்புக்கே வந்து, "கணக்கையும் நீங்களே பாத்துக்குங்க டீச்சரம்மா" என்றார். பரீட்சையில் என்னைக் கவிழ்த்ததே இந்த வட்டம்தான். "வட்டம் எனக்கு அவ்வளவா..." என்று இழுத்தேன். அவர் முடிக்க விடவில்லை.

"வட்டந்தானே டீச்சரம்மா! முக்குமூலை ஒண்ணும் கெடையாது, அதுல என்னா கஷ்டம் இருக்கப் போவுது?"

அளந்து பார்த்த சேகர்

முதல் கணக்கு இது. வட்டத்தின் மையத்தில் ஒரு கோணம், நூற்று முப்பது டிகிரி என்று எழுதியிருந்தது. அதே வில்லைப் பார்த்துக்கொண்டு வட்டத்தின் விளிம்பான சுற்றுவரையில் இன்னொரு கோணம், அது எவ்வளவு என்று கேள்வி. சேகர் அரை நிமிடத்தில் கையைத் தூக்கினான். "அம்பத்திரண்டு டீச்சர்." எப்படி என்றேன். பாகைமானியைக் காட்டினான். அவன் அளந்திருந்தான்!

அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வெட்டுக்கோடு முப்பது டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். மண்டோர் பெருமாள் அதற்கென்று வெட்டிய தகரத்தை மரத்தில் வைத்துக் கோடு கீறும்போது, சனி ஞாயிறுகளில் சேகரும் கூடப் போவான். கோணம் என்றால் அளக்க வேண்டியது என்றுதான் பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவனுக்கு முன்னாலேயே நானும் அளந்து பார்த்துவிட்டேன். எனக்கும் ஐம்பத்திரண்டுதான் வந்தது. விடைப் பக்கங்களை முன்னெச்சரிக்கையாகக் கத்தரித்து என் பைக்குள் வைத்திருந்தேன். அதில் அறுபத்தைந்து என்று இருந்தது. மையத்தில் இருப்பதில் சரிபாதி.

படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் மலாயில் ஒரு வரி இருந்தது. இந்தப் படம் அளவின்படி வரையப்படவில்லை என்று. கண்ணை நம்பாதே, தேற்றத்தை நம்பு என்று அர்த்தம். அதை நான் கம்பீரமாகப் படித்துக் காட்டினேன். சேகர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அளவா வரையத் தெரியாதவங்க, நம்மகிட்ட எதுக்கு டீச்சர் அளவு கேக்கறாங்க?"

திடலில் நடந்த பாடம்

அடுத்த தேற்றம் என் பரம எதிரி. ஒரே நாண்மேல், ஒரே பக்கத்தில், சுற்றுவரையில் எங்கே நின்று பார்த்தாலும் கோணம் ஒன்றுதான் என்பது அது. மனப்பாடமாகச் சொன்னேன். "ஏன் டீச்சர் மாறாது? இடம் மாறுதே?" என்று கேட்டாள் வள்ளி. வள்ளி அதிகம் பேசமாட்டாள், பேசினால் சரியாக வலிக்கிற இடத்தில்தான் கைவைப்பாள். "நாளைக்குச் சொல்றேன்" என்று தப்பித்தேன். டியூஷன் எடுப்பவர்களின் பிரம்மாஸ்திரம் அது.

மறுநாள் சேகர் தன் அப்பாவின் பழைய தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஐந்து பேரும் என்னைத் திடலுக்கு இழுத்துப் போனார்கள். கோல் போஸ்டின் இரண்டு கம்பங்கள்தான் நாணின் இரு முனைகள். தகரத்தின் முப்பது டிகிரி மூலையைக் கண்ணருகே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு விளிம்பு இடது கம்பத்தையும் மறு விளிம்பு வலது கம்பத்தையும் சரியாகக் காட்டும்வரை நடக்க வேண்டும். கிட்டே போனால் கம்பங்கள் தகரத்தைவிட விரியும், எட்டிப் போனால் சுருங்கும். சரியாகப் பொருந்துகிற இடத்தில் ஒரு செருப்பைக் கழற்றி வைக்க வேண்டும். பிறகு வேறொரு பக்கம் போய் மறு செருப்பு. ஐந்து பிள்ளைகள், நான் ஒருத்தி, பன்னிரண்டு செருப்புகள்.

சேகர் கோல் போஸ்ட்மேல் ஏறிப் பார்த்து "டீச்சர்! வட்டம் டீச்சர்!" என்று கத்தினான். நானும் தள்ளிப் போய்ப் பார்த்தேன். அடேயப்பா! இடது கம்பத்துப் பக்கம் தொடங்கி வலது கம்பத்துப் பக்கம்வரை செருப்புகள் வளைந்து நின்றன. இரண்டு வருடம் புத்தகத்தில் பார்த்துப் புரியாதது, வெறுங்காலோடு புல்லில் நின்றபோது புரிந்தது. கையைத் தட்டிக்கொண்டு குதித்துவிட்டேன். ஒரு நாய் என் இடது செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியதைக்கூட நான் கவனிக்கவில்லை. வள்ளி கவனித்தாள், நாயை அல்ல, என்னை.

"டீச்சர், இது உங்களுக்கே இப்பதான் தெரியுது, இல்ல?"

உண்மை வெளியே வந்தது

மழுப்பியிருக்கலாம். ஒற்றைச் செருப்பு மட்டும் மிஞ்சியவளுக்கு என்ன கௌரவம் பாக்கி? அங்கேயே புல்லில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன், கணக்கில் நான் வாங்கியது பி எட்டு என்று. மறுபடி பரீட்சை எழுதப் போவதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு ஐந்து பேரும் வரமாட்டார்கள், மண்டோர்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தேன்.

சேகர் அரையாண்டுத் தேர்வில் எஃப் ஒன்பது வாங்கியவன். அவன் கண்களை விரித்து என்னைப் பார்த்தான்.

"பி எட்டா? அப்ப நீங்க பாஸ் லா டீச்சர்!"

கோபால் அண்ணன் மூடிய தொட்டி

அரைவட்டத்துக்குள் வரையும் கோணம் தொண்ணூறு டிகிரி என்ற தேற்றத்தை நான் தோட்டத்துத் தச்சர் கோபால் அண்ணனிடம் படித்தேன். பள்ளியின் தண்ணீர்த் தொட்டிக்கு வட்டப் பலகையில் மூடி செய்துகொண்டிருந்தார். கைப்பிடி நடுவில் வரவேண்டும், நடு எதுவென்று எப்படித் தெரியும்? மூலைமட்டத்தின் மூலையைப் பலகை விளிம்பில் வைத்தார். அதன் இரண்டு கைகளும் விளிம்பை வெட்டும் இடங்களில் புள்ளி வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு கோடு கீறினார். வேறொரு இடத்தில் வைத்து அதேபோல் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிய இடத்தில் ஆணி அடித்துவிட்டார்.

"அண்ணே, செங்கோணம் வெச்சா அந்தக் கோடு விட்டம்தான்! இது தேற்றம்ணே!" என்று நான் கிட்டத்தட்ட அழுதேன். அவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்குப் பேரெல்லாம் வெச்சிருக்காங்களா? பாவம், வேலவெட்டி இல்லாதவங்க போலருக்கு."

சிவப்புப் பேனா கை மாறியது

பிறகு வகுப்பை நாங்கள் வேறு மாதிரி நடத்தினோம். ஆளுக்கொரு தேற்றம். யாருக்கு எது விழுகிறதோ அவர்தான் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லிக்கொடுக்க வேண்டும். மற்ற ஐந்து பேரும் பெஞ்சில். அந்த ஐந்தில் நானும் உண்டு. எனக்கு விழுந்தது வட்ட நாற்கரம். எதிர்க் கோணங்கள் இரண்டையும் கூட்டினால் நூற்றெண்பது என்று நான் தடுமாறிச் சொன்னபோது சேகர் "நல்லா சத்தமா சொல்லுங்க டீச்சர்" என்று அதட்டினான். நான் வகுப்பில் சொல்கிற அதே தோரணை. கோபம் வந்தது, சிரிப்பு அதைவிட அதிகமாக வந்தது.

தொடுகோடு வள்ளியுடையது. வீட்டுப்பாடம்கூடக் கொடுத்தாள். என் நோட்டை என் சிவப்புப் பேனாவாலேயே திருத்தினாள். நான் வரைந்த தொடுகோடு வட்டத்துக்குள் லேசாகப் புகுந்து வெளியே போயிருந்தது. அவள் அதைச் சுற்றி ஒரு வளையம் போட்டு நோட்டை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரே ஒரு எடத்துல தொட்டுட்டுப் போயிடணும் டீச்சர். உள்ள பூந்துட்டா அது தொடுகோடு இல்ல."

கத்திரிக்காய்க்கு அடியில்

பரீட்சை நாள் வந்தது. என்னைப்போல் தனியாக எழுதுபவர்களுக்கும் கோலசிலாங்கூரில் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே வேறொரு அறையைக் கொடுத்துவிட்டார்கள். இருந்ததோ ஒரே காலை பஸ், ஐந்து பேரும் அதில்தான். நான் சந்தைக்குப் போகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையில் கருவிப் பெட்டியை வைத்து, மேலே கத்திரிக்காயைப் போட்டு மூடி, டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சந்தைக்குப் போகிறவள் எதற்கு வீட்டிலிருந்தே கத்திரிக்காய் கொண்டுபோகிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு பயம்.

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பை சாய்ந்தது. கத்திரிக்காய், கவராயம், பாகைமானி எல்லாம் உருண்டு சேகரின் காலடிக்குப் போயின. அவன் பாகைமானியைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தான். வேறு வழியில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கிரெடிட், பயிற்சிக் கல்லூரி, மாமாவின் அரிசிக்கடை எல்லாம். வள்ளி எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாற்கரம் சொல்லுங்க" என்றாள். சொன்னேன். "தொடுகோடும் நாணும்?" சொன்னேன். டவுன் வரும்வரை விடவில்லை. அன்றைக்கு அவளுக்கும்தான் பரீட்சை. தன்னுடையதை மறந்துவிட்டு என்னுடையதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அரைமணி நேரத்துக்கு நான் அவளுக்கு என்றைக்கும் கடமைப்பட்டவள்.

பள்ளி வாசலில் அவர்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிரிந்தோம். சேகர் பாதி வழியில் நின்று திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினான்.

"டீச்சர்! அளந்துடாதீங்க லா!"

கிராணி கொடுத்த உறை

வந்தது அந்தக் கேள்வி. வட்டம், அதற்குள் நாற்கரம், பக்கத்தில் ஒரு தொடுகோடு. கேட்ட கோணம் பார்வைக்கு முப்பதுபோல இருந்தது. கை தானாகப் பாகைமானிக்குப் போனது. சேகரின் குரல் கேட்டது. கையை எடுத்துவிட்டேன். வள்ளியின் தொடுகோட்டிலிருந்து ஒரு கோணம், என் நாற்கரத்திலிருந்து ஒன்று, திடலின் செருப்புகளிலிருந்து ஒன்று. ஐம்பத்தெட்டு வந்தது. படத்தில் அது ஐம்பத்தெட்டுபோல இல்லவே இல்லை. அதனாலேயே நம்பினேன்.

மார்ச் மாதம் முடிவுகள் வந்தன. பிள்ளைகள் காலையிலேயே பள்ளிக்குப் போய் வாங்கிவிட்டார்கள். என்னுடையது தபாலில் தோட்டத்து ஆபீசுக்கு வந்தது. ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி உறையைக் கொடுத்தபோது ஐந்து பேரும் ஆபீஸ் வாசலில் நின்றார்கள். தங்கள் முடிவைச் சொல்லாமல் எனக்காகக் காத்திருந்தார்கள். நான் உறையை வள்ளியிடம் நீட்டிவிட்டேன். வள்ளிதான் பிரித்தாள். படித்துவிட்டுத் தாளை என் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். சி ஐந்து, வேண்டியதைவிட ஒரு படி மேலே. அந்த ஆபீஸ் படியிலேயே உட்கார்ந்து, கிராணி பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல், விக்கி விக்கி அழுதேன். அரிசி மூட்டை போயிற்று. இந்தப் பிள்ளைகள் போட்ட பிச்சை அது, வேறென்ன சொல்வது?

கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களுக்கெல்லாம் என்ன என்று கேட்டேன். வள்ளிக்கு சி மூன்று. மற்ற மூவரும் சி ஆறு. சேகர் மட்டும் முதுகுக்குப் பின்னால் தாளை மறைத்துக்கொண்டு பல்லைக் காட்டினான். எஃப் ஒன்பதிலிருந்து மேலே ஏறி வந்துவிட்டான் என்று முகத்திலேயே தெரிந்தது. தாளை மெதுவாக முன்னால் கொண்டுவந்தான்.

"உங்க பழைய பி எட்ட நான் எடுத்துக்கிட்டேன் டீச்சர். பத்திரமா வெச்சிக்கிறேன், கவலப்படாதீங்க."

பயிற்சி முடிந்ததும் என்னைக் கணக்கு டீச்சராகவே ஓர் இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வட்டப் பாடம் தொடங்கும் நாளில் நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பதைப் பார்க்கும் பிள்ளைகள் அதை பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் இல்லையென்று சொன்னதில்லை.